ஊர் மாறிய பிள்ளைக்கு விடுமுறையில் எத்தனை வகுப்பு?

கேள்வி: வணக்கம் மேடம். பிப்ரவரியில் சென்னையிலிருந்து கொழும்புக்கு வந்தோம். எனக்கும் கணவருக்கும் ஒரே கம்பெனியில் வேலை, இங்குள்ள கிளைக்கு மாற்றல். மகனுக்கு 6 வயது, மகளுக்கு இரண்டரை. வெள்ளவத்தையில் ஐந்தாவது மாடியில் ஃப்ளாட். கணவர் காலை 6 மணிக்கே கிளம்பிவிடுவார், திரும்ப இரவு 8 ஆகிவிடும். மகளைப் பக்கத்து டே கேரில் நான்தான் விடுகிறேன். பள்ளி விட்டதும் மகனும் வேனில் அங்கேயே வந்துவிடுவான். நான்கு மாதம் ஆகியும் மகள் தினமும் காலையில் என்னை ஒட்டிக்கொண்டு அழுகிறாள். ஜூலை, ஆகஸ்ட் இரண்டு மாதமும் மகனின் இன்டர்நேஷனல் ஸ்கூலுக்கு லீவு. “அது பாப்பாங்க இருக்கிற இடம், நாள் முழுக்க இருக்க மாட்டேன்” என்கிறான். ஊரில் இருந்தால் அம்மா பார்த்துக்கொள்வார். ஆயா வைக்கப் பயமாக இருக்கிறது. நீச்சல், ரோபோட்டிக்ஸ், செஸ், கீபோர்டு, சிங்களம், இரண்டு வார சம்மர் கேம்ப் என்று ஒரு அட்டவணை போட்டு இத்துடன் அனுப்பியிருக்கிறேன். கணவரோ “சும்மா விடு” என்கிறார். யார் சொல்வது சரி? இன்னொரு சின்ன விஷயம். எங்கள் பகல் வாட்ச்மேன் மகனிடம் அடிக்கடி “தாத்தா கோ?” என்று கேட்கிறார். இவன் “சென்னை” என்கிறான். உடனே அவர் முகம் வாடிவிடுகிறது, இவன் தலையைத் தடவி ஒரு டாபி கொடுக்கிறார். என் மாமனாரை அவருக்கு எப்படித் தெரியும் என்றே புரியவில்லை.

பதில்: அன்பின் சகோதரிக்கு,

‘மேடம்’ வேண்டாம். வெள்ளவத்தையில் பிள்ளைகளும் என்னை ‘அன்ரி’ என்கிறார்கள், அவர்களுடைய அம்மாக்களும் ‘அன்ரி’ என்கிறார்கள். சிறுவர் உளவளத் துணையாளராக இத்தனை வருஷம் வேலை செய்து சம்பாதித்த பட்டம் அது.

அட்டவணையைப் பார்த்தேன். வர்ணமெல்லாம் தீட்டி அழகாகத்தான் போட்டிருக்கிறீர்கள். எண்ணிப் பார்த்தால் கிழமைக்கு (நீங்கள் வாரம் என்பது) 11 வகுப்பு வருகிறது. அதாவது யாரோ ஒருவர் கிழமைக்கு 22 தடவை உங்கள் மகனை எங்கேயோ கொண்டுபோய் விடவோ கூட்டிவரவோ வேண்டும். அந்த யாரோ ஒருவர் யார்? அதற்கு அட்டவணையில் பெட்டி இல்லை. நீங்கள் இரண்டு பேரும் அலுவலகத்தில் இருப்பீர்கள். வான்காரர் ஒருவர், ஓட்டோக்காரர் ஒருவர், கேம்பில் ஒரு புது அண்ணா, நீச்சல் தடாகத்தில் ஒரு புது மாஸ்டர். வீடு, பள்ளிக்கூடம், பாட்டி, எதிர்வீட்டுக் கூட்டாளி எல்லாவற்றையும் நான்கு மாதத்துக்கு முன்தான் விட்டுவிட்டு வந்த பிள்ளைக்கு மறுபடியும் ஒரே கிழமையில் ஆறேழு புது முகம்.

என்னைக் கேட்டால் இந்த விடுமுறைக்கு முதலில் தேட வேண்டியது ஒரு ஆளை. வகுப்பைப் பிறகு பார்ப்போம்.

ஆயா வைக்கப் பயம் என்கிறீர்கள். பயப்பட வேண்டியதுதான், ஆனால் பயந்துகொண்டே நாலு விஷயம் விசாரிக்கலாம். இங்கே ஆயா கிடைப்பது ஏஜென்சி மூலம், இல்லாவிட்டால் வாய்வழி. நான் வாய்வழியைத்தான் கூட நம்புவேன். உங்கள் கட்டடத்தில், கோவிலில், டே கெயார் வாசலில் சொல்லி வையுங்கள். “பிள்ளை வளர்ந்துவிட்டது, எங்கள் அக்காவுக்கு வேறு வீடு பார்க்கிறோம்” என்று ஒரு குடும்பம் சொன்னால் விடாதீர்கள். அந்த வீட்டாரோடு நீங்களே போனில் கதையுங்கள். அடையாள அட்டையின் பிரதி, கிராம உத்தியோகத்தரின் சான்றிதழ், பொலிஸ் சான்றிதழ் மூன்றையும் கேளுங்கள். கேட்டால் என்ன நினைப்பார்களோ என்று கூச்சப்பட வேண்டாம், இங்கே அது வழக்கம்தான்.

ஒன்று மட்டும். “தேயிலைத் தோட்டப் பக்கமிருந்து ஒரு பிள்ளையைக் கொண்டுவந்து விடவா?” என்று யாராவது கேட்பார்கள். வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். 18 வயதுக்குக் குறைந்தவரை வீட்டு வேலைக்கு வைப்பது இங்கே சட்டப்படி குற்றம். சட்டம் இடம் கொடுத்தாலும் 18, 19 வயதுப் பிள்ளையின் கையில் நான் இரண்டு குழந்தைகளை விடமாட்டேன். தன் பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கிய, 45 தாண்டிய ஒருவரைப் பாருங்கள். மலையகத்தில் ஹட்டன், பதுளைப் பக்கத்து அக்கா என்றால் இன்னும் நல்லது. அவர் தமிழ் உங்கள் ஊர்த் தமிழுக்குக் கிட்ட, உங்கள் பிள்ளைகளின் காதுக்குச் சட்டென்று பழகிவிடும். ஏன் இதைச் சொல்கிறேன் என்பது கொஞ்சம் கீழே வரும்.

அம்மாவையும் ஊரிலிருந்து கூப்பிடுங்கள். ஆனால் இரண்டு மாதமும் பிள்ளை பார்ப்பதற்கு இல்லை. இந்தத் தவறை நான் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன்: பாட்டி வருவார், விடுமுறை முழுக்கப் பிள்ளைகள் அவர் மடியிலேயே கிடப்பார்கள், பாடசாலை தொடங்கும் கிழமையில் அவர் விமானம் ஏறுவார். பிள்ளைகளுக்கு இரண்டாம் தடவை ஊர் மாறியது போல ஆகிவிடும். அதனால் ஜூன் நடுவிலேயே ஆயாவை வரச் சொல்லுங்கள், அதே நாளில் அம்மாவும் வரட்டும். மூன்று கிழமை இரண்டு பேரும் ஒரே வீட்டில், ஒரே குசினியில். மகனுக்குத் தயிர்சாதம் எப்படிப் பிசைய வேண்டும், மகள் எந்தப் பக்கம் தட்டினால் நித்திரை கொள்வாள் என்பதெல்லாம் அப்போதுதான் கை மாறும். அதை நீங்கள் ஒரு தாளில் எழுதிக் கொடுக்க முடியாது. அம்மா போன பிறகு தினமும் பின்னேரம் 4 மணிக்கு வீடியோ கோலில் ஒரு கதை சொல்லட்டும். சென்னைக்கும் கொழும்புக்கும் ஒரே நேரம். கனடாவில் பேரப்பிள்ளைகளை வைத்திருக்கிற என் அக்காவுக்குக் கிடைக்காத பாக்கியம் அது.

குளிப்பாட்டுவது யார், கழுவிவிடுவது யார் என்பதைப் பிள்ளைகள் முன்னாலேயே சொல்லுங்கள். மகன் 6 வயது, தானே குளிக்கட்டும். “அம்மாவிடம் சொல்லாதே” என்று யார் சொன்னாலும், முதலில் அதைத்தான் அம்மாவிடம் சொல்ல வேண்டும் என்று இரண்டு பேருக்கும் பழக்குங்கள். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929, இலவச அம்புலன்ஸின் 1990, இந்த இரண்டு இலக்கத்தையும் பிரிட்ஜ் கதவில் ஒட்டிவிடுங்கள். கமரா பூட்டுவதென்றால் ஆயாவுக்குச் சொல்லிவிட்டுப் பூட்டுங்கள், ஒளித்து வேண்டாம்.

இனி மகள். நான்கு மாதமாக அழுகிறாள் என்றதும் டே கெயாரை மாற்றத்தான் தோன்றும். பொறுங்கள். நீங்கள் வாசலைத் தாண்டி 15 நிமிஷம் கழித்து ஒரு சின்ன வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள், ஒரு கிழமைக்கு. அந்த நேரத்தில் பிளாஸ்டிக் கோப்பையில் மண் அள்ளிக்கொண்டிருந்தால் காலை அழுகை உங்களுக்கான அழுகை, அது மெல்ல ஓயும். அரை மணி தாண்டியும் அழுகை, சாப்பாடு இறங்கவில்லை, மத்தியான நித்திரை இல்லை என்றால் நான் நேரில் போய்ப் பார்ப்பேன். அப்படி ஒரு தடவை போய்ப் பார்த்த கதையைச் சொல்கிறேன்.

போன வருஷம், கோயம்புத்தூர்ப் பக்கமிருந்து வந்த குடும்பம். மூன்று வயதுப் பெண்பிள்ளை. டே கெயார் நல்ல இடம், நல்ல மனிதர்கள், ஆனால் அழுகை நாளுக்கு நாள் கூடியது. ஒரு காலை போய் மூலையில் ஒரு கதிரையைப் போட்டு உட்கார்ந்தேன். பிள்ளை விசும்பத் தொடங்கியதும் அங்கே இருந்த யாழ்ப்பாணத்து அன்ரி தூக்கி மடியில் வைத்தார், தன் சேலைத் தலைப்பால் கன்னத்தைத் துடைத்தார், அன்பாகத்தான் சொன்னார்: “அழக்கூடாது ராசாத்தி, அழுதால் அம்மா பேசுவா.” பிள்ளை சட்டென்று நிறுத்தியது. அவர் முகத்தைப் பார்த்தது. மேசையில் கிடந்த அவருடைய போனைப் பார்த்தது. பிறகு முன்னதைவிட இரண்டு மடங்கு சத்தத்தில் தொடங்கியது.

இந்த ஊர் வாசகர்கள் இந்நேரம் சிரித்திருப்பார்கள். உங்களுக்குச் சொல்கிறேன். எங்களுக்குப் ‘பேசுவது’ என்றால் ஏசுவது, திட்டுவது. நீங்கள் பேசுவதை நாங்கள் ‘கதைப்பது’ என்போம். அன்ரி சொன்னது அம்மா திட்டுவார் என்று. பிள்ளைக்குக் கேட்டதோ, அழுதால் அம்மா போனில் பேசுவார் என்று. அழுதால் அம்மா கிடைப்பார் என்று தினமும் ஒருவர் உறுதி கொடுத்தால் எந்தப் பிள்ளைதான் அழாது?

ஒரு சிங்களப் பிள்ளை அங்கே வந்திருந்தால் பாஷை விளங்காதே என்று எல்லோரும் கவனமாக இருந்திருப்பார்கள். தமிழ்ப் பிள்ளை என்றால் தமிழ்தானே என்று விட்டுவிடுகிறோம். உங்கள் மகள் தண்ணீருக்கு என்ன சொல்வாள், பயத்துக்கு என்ன சொல்வாள், உச்சா என்பாளா சூசூ என்பாளா, இப்படி ஒரு 20 சொல்லை எழுதிக் கொடுங்கள். அவர்கள் பக்கத்துச் சொற்களையும் கேட்டு வாங்கி வீட்டில் விளையாட்டாகச் சொல்லிப் பாருங்கள்: கதிரை (நாற்காலி), சவர்க்காரம் (சோப்பு), உடுப்பு (துணி), நித்திரை (தூக்கம்). சாப்பாட்டையும் விசாரியுங்கள். எங்கள் கறி உங்கள் சாம்பாரைவிட உறைப்பு. தேங்காய்ப்பால் விட்ட பருப்பும் சோறும் தனியாக வைக்கச் சொன்னால் வைப்பார்கள்.

காலையில் விடும்போது அவள் கண்ணை மறைத்து ஓடிப் போகாதீர்கள். தினமும் அதே வார்த்தை, அதே முத்தம், அதே அன்ரியின் கையில். எப்போது வருவேன் என்பதற்கு மணிக்கணக்கு வேண்டாம். “பால் குடித்து முடித்ததும் அம்மா வருவேன்” என்றால் அவளுக்கு விளங்கும், சொன்னபடி வந்தால் நம்புவாள். விடுமுறையில் வீட்டில் ஆயா இருக்கிறாரே என்று அவளை டே கெயாரிலிருந்து நிறுத்திவிடவும் வேண்டாம். மத்தியானச் சாப்பாடு வரை அங்கே இருக்கட்டும், பிறகு ஆயா போய்க் கூட்டிவரட்டும். இப்போது நிறுத்தினால் செப்டம்பரில் முதலிலிருந்து தொடங்க வேண்டும். அத்தோடு, அங்கே ஒருவருக்கு எத்தனை பிள்ளை என்று ஒரு நாள் எண்ணிப் பாருங்கள். இரண்டு வயதுக்காரர்கள் ஐந்துக்கு மேல் ஒருவர் கையில் இருந்தால் நான் யோசிப்பேன்.

மகனின் விடுமுறைக்கு வருவோம். உங்கள் ஊரில் மே மாதம் என்றால் தெரு முழுக்கப் பிள்ளைகள். இங்கே அப்படியில்லை. அரச பாடசாலைகளுக்கு ஏப்ரல், ஆகஸ்ட், டிசம்பர் என்று தவணை விடுமுறை. சர்வதேசப் பாடசாலைகள் கல்வி அமைச்சின் கீழ் வராதபடியால் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி நாட்காட்டி. அதனால் ஜூலை மாதக் காலையில் உங்கள் மகனுக்கு லீவு, கட்டடத்தில் இருக்கிற மற்றப் பிள்ளைகளில் பலருக்குப் பாடசாலை. அவர்களுக்கு 1.30க்கு விட்டு, வீடு வந்து, சாப்பிட்டு, பாதிப் பேர் டியூஷனும் போய் வந்து, கீழே இறங்கும்போது பின்னேரம் 4.30 ஆகும். இருட்ட முன்பு ஒன்றரை மணித்தியாலம். கார் நிறுத்துமிடத்தில் இரண்டு செருப்பை வைத்து விக்கெட் என்பார்கள். உங்கள் அட்டவணையில் ஐந்து நாளும் சரியாக அந்த ஒன்றரை மணித்தியாலத்தில்தான் கீபோர்டும் செஸ்ஸும் சிங்களமும் இருக்கின்றன!

சிங்களம் படிக்க அந்தச் செருப்பு விக்கெட் போதும். 6 வயதில் ஆளைப் பிடித்துப் பாஷையைப் படிப்பார்கள், புத்தகத்தைப் பிடித்து இல்லை. கீபோர்டும் செஸ்ஸும் அடுத்த வருஷமும் இருக்கும். ரோபோட்டிக்ஸ் யாருடைய ஆசை? அவனுடையது என்றால் கிழமைக்கு ஒரு நாள் போகட்டும். உங்களுடையது என்றால் விட்டுவிடுங்கள்.

நீச்சலை வைத்துக்கொள்ளுங்கள், இரண்டு நாள். ஜன்னலைத் திறந்தால் கடல் தெரியும் இடத்தில் குடியிருக்கிறீர்கள். ஆனால் தடாகத்தில் மட்டும். தென்மேல் பருவக்காற்றால் மே முதல் செப்டம்பர் வரை இந்தப் பக்கத்துக் கடல் கொந்தளிப்பு, கல்கிசைக் கடற்கரையில் பிள்ளைகள் கால் நனைப்பதைக்கூட ஜூலையில் நான் விடமாட்டேன். மரின் டிரைவில் தண்டவாளத்தைக் கடந்துதான் கடலுக்கு இறங்க வேண்டும் என்பதும் உங்களுக்குத் தெரியும். ஆயாவுக்கு முதல் நாளே சொல்லிவிடுங்கள்: கடற்கரைப் பக்கம் பிள்ளைகளைக் கூட்டிப் போகவே வேண்டாம். கடல் குளிக்க ஆசையென்றால் அந்த மாதங்களில் கிழக்குப் பக்கம் அமைதி. நாலு நாள் லீவு போட்டுப் பாசிக்குடாவுக்கோ திருகோணமலைக்கோ போய் வாருங்கள். பாசிக்குடாவில் வெகுதூரம் நடந்தாலும் தண்ணீர் இடுப்பளவுதான்.

சம்மர் கேம்பை இரண்டு கிழமையிலிருந்து ஒரு கிழமை ஆக்குங்கள், அதுவும் ஆகஸ்டில், அரை நாள். காசு கட்ட முன் போய்ப் பாருங்கள். கழிவறைக்குப் பிள்ளையோடு யார் போவது, கூட்டிப் போக வேறு யாராவது வந்தால் என்ன செய்வார்கள், படங்களை முகநூலில் போடுவார்களா என்று கேளுங்கள். பதில் சொல்லத் தடுமாறினால் சரி, வேறு இடம்.

காலை நேரத்துக்கு அவன் வகுப்புப் பிள்ளைகளிலேயே ஆள் தேடலாம். அவர்களுக்கும் அதே லீவு, அவர்கள் அம்மாமாருக்கும் அதே தலையிடி. பம்பலப்பிட்டிக்கும் தெஹிவளைக்கும் இடையில் ஒரு குடும்பம் அகப்பட்டால் போதும். செவ்வாய் அந்தப் பிள்ளை உங்கள் வீட்டில், வியாழன் உங்கள் பிள்ளை அங்கே.

உங்கள் கணவரின் “சும்மா விடு” பாதிக்குமேல் சரி. ஆனால் சும்மா இருக்கிற பிள்ளையோடு யாராவது இருந்தாக வேண்டும், இரவு 8 மணிக்கு வருகிறவர் அதைச் சொல்வது சுலபம். சனிக்கிழமைக் காலைகளை அவரிடம் கொடுத்துவிடுங்கள், முழுசாக. வெள்ளவத்தையில் ரயில் ஏறினால் கடலை ஒட்டிக்கொண்டே தெஹிவளை, அடுத்தது கல்கிசை. இறங்கி ஒரு தேநீர் குடித்துவிட்டு அடுத்த ரயிலில் திரும்பலாம். 6 வயதுக்கு அது பெரிய பயணம். கோட்டேயில் பெத்தகான ஈரநிலப் பூங்கா இருக்கிறது, வெள்ளெனப் போனால் மரநடைபாதையில் நடந்துகொண்டே கொக்கும் நாரையும், அதிர்ஷ்டம் இருந்தால் கபரகொய்யா என்கிற ஒரு நீர் உடும்பையும் பார்க்கலாம். 2018இல் உலகத்திலேயே முதன்முதலாக ஈரநில நகரம் என்று ராம்சார் என்கிற சர்வதேச ஈரநில உடன்படிக்கையின் அங்கீகாரம் பெற்ற 18 நகரங்களில் கொழும்பும் ஒன்று, ஆனால் நாங்கள் பாதிப் பேர் அந்தப் பக்கம் போனதே இல்லை. மழை என்றால் 57ஆவது ஒழுங்கையில் தமிழ்ச் சங்க நூலகம், உங்கள் வீட்டிலிருந்து நடை தூரம். ஆகஸ்டில் காற்று எழும்பினால் காலிமுகத்திடலில் பட்டம். ஆடிவேல் திருவிழாவுக்குச் செட்டியார் தெருவிலிருந்து பம்பலப்பிட்டிக்குத் தேர் வரும், அன்றைக்கு அவனைத் தோளில் தூக்கிக்கொள்ள அப்பா வேண்டும்.

போயாவை மறந்துவிடாதீர்கள். பௌர்ணமி தோறும் நாடு முழுக்க விடுமுறை, டே கெயாரும் பூட்டு. ஜூலையில் எசல, ஆகஸ்டில் நிக்கினி. ஆயாவுக்கும் அன்று லீவு கொடுங்கள், அவரும் விகாரைக்கோ கோவிலுக்கோ போக வேண்டும்.

உடம்பு விஷயம் இரண்டு. இங்கே ஒரு வயதிலேயே எல்லாப் பிள்ளைகளுக்கும் ஜப்பானிய மூளைக்காய்ச்சலுக்கு ஊசி போடுவார்கள், உங்கள் பிள்ளைகளின் அட்டையில் அது இருக்கிறதா என்று பிள்ளை வைத்தியரிடம் காட்டுங்கள். அடுத்தது டெங்கு. ஜூன், ஜூலை கொழும்பில் மோசமான காலம், அந்த நுளம்பு பகலில் கடிப்பது. காய்ச்சல் வந்தால் பரசிற்றமோல் மட்டும்தான், வேறு எந்தக் காய்ச்சல் மருந்தும் ஆயா கொடுக்கக்கூடாது. இரண்டு நாள் தாண்டினால் இரத்தம் சோதித்தே ஆக வேண்டும்.

கடைசியாக உங்கள் வாட்ச்மேன். சிங்களத்தில் ‘தாத்தா’ என்றால் அப்பா. “தாத்தா கோ?” என்றால் “அப்பா எங்கே?” உங்கள் கணவர் 6 மணிக்குப் போய் 8 மணிக்கு வருகிறவர், பகல் காவலுக்கு நிற்கிற மனிதர் அவரைக் கண்டே இருக்கமாட்டார். நான்கு மாதமாக அவர் கேட்கிறார், பிள்ளை “சென்னை” என்கிறது. இரண்டு குழந்தைகளையும் பெண்சாதியையும் இங்கே விட்டுவிட்டு ஒரு மனிதன் அங்கே இருந்துவிட்டானே என்று அவர் உருகிக்கொண்டிருக்கிறார். அவர் காவலுக்கு நிற்கிற ஒரு சனிக்கிழமையில் கணவரை மகனோடு கீழே அனுப்புங்கள். “மே தாத்தா” என்று மகன் கையைக் காட்டிச் சொல்லட்டும், ‘இதுதான் அப்பா’ என்று அர்த்தம். அதற்குப் பிறகு டாபி நின்றுவிட்டால் என்னிடம் அனுப்புங்கள், நான் வாங்கி வைத்திருக்கிறேன்.